மூன்று விலா எலும்புகளுடன் வில்ஸ்டன் கிரீனுக்கு

லண்டனுக்குப் போய் வந்து எழுதுகிறவர்கள் பாலத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் அரண்மனைக் காவலாளியின் தொப்பியையும் எழுதுவார்கள். நான் அவற்றைத் தபால் அட்டையில்தான் பார்த்திருக்கிறேன். வந்து சேர்ந்த இரண்டு வருடத்தில் எனக்கு நன்றாகப் பழகியவை ஒரு முதியோர் இல்லம், ஒரு வக்கீல் கந்தோர், தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் ஆகிய மூன்றும்தான். 1992 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, நகரத்தின் தெற்கு விளிம்பிலிருந்து வடமேற்கே வில்ஸ்டன் கிரீன் வரை போய்வந்தேன். ஒரு வழி பன்னிரண்டு மைல் இருக்கும். ஊரிலிருந்து லண்டனுக்கு வந்த ஆறாயிரம் மைலை விட அந்தப் பன்னிரண்டு மைலைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

போன காரியம் ஒரு நேர்முகப் பரீட்சை. ஒஸ்டியோபதி என்று ஒரு வைத்தியம் இங்கே உண்டு. எலும்பு, மூட்டு, தசை இவற்றின் கோளாறுகளைக் கையால் தொட்டு அறிந்து, கையாலேயே திருத்துவது. மருந்து இல்லை, கத்தி இல்லை. நாலு வருடப் படிப்பு. நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடத்தில் இரண்டு வருடம் படித்தவன். மூன்றாம் வருடம் எனக்கு வாய்க்கவில்லை. இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏழு கடிதம் எழுதி ஏழு மரியாதையான மறுப்புகள் வாங்கிய பிறகு, முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கி, திருப்பி, கழுவி விடும் வேலையில் இருந்தேன். என் கைப்பழக்கத்தைக் கவனித்த தலைமைத் தாதிதான் இந்தக் கல்லூரியைச் சொன்னார். அகதிகளாக வந்தவர்களில் ஒருவருக்கு முழுச் செலவையும் ஒரு தர்ம நிதி ஏற்கும் என்றும் சொன்னார். எனக்கு வயது இருபத்தேழு. இது தவறினால் வைத்தியப் படிப்பு எனக்கு முடிந்த கதை.

கல்லூரியின் கடிதத்தோடு உடல்நலப் படிவம் ஒன்றும் வந்திருந்தது. எப்போதாவது எலும்பு முறிந்ததுண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதி அனுப்பினேன். அது பொய்.

என் இடது பக்கத்தில் மூன்று விலா எலும்புகள் முறிந்து, தம் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டவை. ஊரில் என்னைப் பிடித்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வைத்திருந்தார்கள். யார் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். அந்நாட்களில் பிடிப்பதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. வெளியே வந்ததும் அம்மாவிடம் சைக்கிளால் விழுந்தேன் என்றேன். அவள் நம்பினாள். பிறகு லண்டனில் வக்கீல் கந்தோரில் அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் எடுத்தார்கள். அப்போது எனக்குத் தெரிந்தது பாடப்புத்தக ஆங்கிலம். எலும்புகளின் பெயர் எல்லாம் தெரியும், வக்கீல் பேசுவது விளங்காது. ஆகவே மொழிபெயர்க்க அத்தான் பக்கத்தில் இருந்தார். அத்தான் என் பெரியம்மா மகளான அக்காவின் கணவர். நான் இருப்பது அவர்கள் வீட்டில்தான். “அடித்தார்களா?” என்று வக்கீல் கேட்டார். அத்தானுக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரியும். அக்காவோ ஞாயிறு தோறும், இப்போது கொழும்பிலிருக்கும் என் அம்மாவுக்குப் போன் எடுப்பவள். “அடிக்கேல்லை” என்றேன். அத்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னார், வக்கீல் எழுதிக்கொண்டார். உடம்பில் ஓர் அடையாளமும் இல்லாமல் எத்தனையோ பேர் தாங்கள் பட்டதை நிரூபிக்க வழியின்றித் திண்டாடினார்கள். அடையாளத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இல்லை என்றவன் நான். ஒரு தாளில் சொன்னதை மறு தாளில் மாற்றினால் கேஸ் கெட்டுவிடும் என்ற பயத்தில், அதற்குப் பிறகு எல்லாத் தாள்களிலும் அதையே சொல்லி வந்தேன்.

காலை 9.10. அத்தான் இரவு ஷிப்ட் முடித்து வந்து, படுக்காமல், எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பதினான்கு வருடமாகத் தபால் பிரிக்கும் வேலை. மீதி நேரமெல்லாம் தோர்ண்டன் ஹீத் தமிழர்களில் பாதிப் பேருக்குச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. முந்திச் சொன்னதை மாத்தாதை. பல்லைக் காட்டிக்கொண்டு இருக்காதை,” என்றார்.

“அத்தான், இது கொலிஜ் இன்டர்வியூ.”

“எல்லா இன்டர்வியூவும் ஒண்டுதான் தம்பி. மேசைக்கு அங்காலை அவை, இங்காலை நாங்கள்.”

ஸ்டேஷனில் ஒன்பதரைக்குப் பிறகுதான் மலிவு டிக்கெட் தருவார்கள். மூன்று பவுண் இருபது பென்ஸ். அன்று முழுவதும் ரயில், சுரங்க ரயில், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ரயில் வந்தது. நோர்பரி, ஸ்ட்ரெதம் கொமன், பால்ஹம். வழி நெடுகச் செங்கல் வீடுகளின் முதுகுப்புறம்தான் தெரியும். நனைந்த துவாய்கள், உடைந்த தொட்டில்கள், குளிரில் கறுத்துப்போன முட்டைக்கோவாப் பாத்திகள். இந்த ஊரில் வீடுகளின் முகத்தைப் பார்க்க நடக்க வேண்டும், முதுகைப் பார்க்க ரயிலேற வேண்டும்.

பற்றசீ பார்க் தாண்டியதும் ரயில் நின்றது. விக்ரோரியா ஸ்டேஷனில் யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பொலிஸ் பார்க்கிறது, பொறுத்தருள்க என்று அறிவித்தார்கள். குண்டுப் பயம். ஐரிஷ் ஆயுதக் குழுவினர் லண்டனில் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம். பெட்டியில் எண்பது பேராவது இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் பஸ்ஸென்றால் இதற்குள் ஒருவர் அரசாங்கத்தைத் திட்டி, ஒருவர் இறங்கி ஓடி, ஒருத்தி பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்கியிருப்பாள். இருபத்திமூன்று நிமிடம். பரீட்சை பதினொன்றரைக்கு, இங்கே பிந்தி வந்தவனின் காரணத்தைக் கேட்பார்கள், கேட்டுவிட்டு மன்னிக்கமாட்டார்கள்.

விக்ரோரியாவிலிருந்து கிரீன் பார்க் ஒரு தரிப்பு. அங்கே ஜூபிலி லைனுக்கு மாறி வடக்கே போக வேண்டும். அக்கா சம்பல் வைத்துக் கட்டித் தந்த ரொட்டியை மாறும் இடத்தில் நின்று விழுங்கினேன். சுற்றி வந்த தாளைப் போட இடமில்லை. குண்டு வைப்பார்கள் என்று ஸ்டேஷன்களில் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். அது அன்று முழுவதும் சம்பல் மணத்தது.

வில்ஸ்டன் கிரீனில் இறங்கும்போது 11.08. ஸ்டேஷனிலிருந்து கால் மைல், இடது பக்கம், ஒரு பல்வைத்தியரையும் ஒரு சவப்பெட்டிக் கடையையும் தாண்டிப் பழைய மூன்று மாடி வீடு. கல்லூரியின் பெயரை எழுதவில்லை. நல்ல ஆட்கள், அவர்களைச் சந்திக்கு இழுக்க விருப்பமில்லை.

காத்திருந்த அறையில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், எங்கள் நிறம், மடிப்புக் குலையாத கோட்டு. என் பையைப் பார்த்தார். அதற்குள் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொடங்கி எல்லாத் தாள்களின் மூலப்பிரதிகளும் இருந்தன. எங்கே போனாலும் மூலப்பிரதிகளோடு போவது எங்கள் ஆட்களின் வழக்கம்.

“நீங்க ஸ்ரீலங்காவா?” என்று தமிழில் கேட்டார்.

“ஓம்.”

“நான் சேகரன், மலேசியா, கிள்ளான். படிக்க வந்து அப்படியே தங்கிட்டேன். இப்ப ஹரோவில வீடு. பார்மசியில வேலை. பத்து வருஷமா மாத்திரை எண்ணி எண்ணி வெறுத்துப் போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இது எனக்கு ரெண்டாவது தடவை. போன வருஷம் எடுக்கல. இந்தத் தடவையும் இல்லன்னா, வீட்டுக்காரி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டா.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தானின் உத்தரவு நினைவிலிருந்தது.

11.30. மேசைக்கு அப்பால் மூன்று பேர். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார் நடுவில் இருந்தவர். நான் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், நாட்டை விட்டு வெளியேறிய திகதி, விமானம் மாறிய நகரங்கள், லண்டனில் இறங்கிய நேரம் ஆகியவற்றை வரிசையாகச் சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். “வைத்தியம் பிடிக்கும்” என்றேன். வேறேதும் சொல்ல விருப்பமா என்றார்கள். “இல்லை.” முதியோர் இல்லத்தில், படுக்கையிலிருந்து எழுப்பும்போது எந்த இடத்தில் கை வைத்தால் கிழவருக்கு நோகாது என்று நானே கண்டுபிடித்த விதங்கள் பத்துக்குக் குறையாமல் இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட வாய் விட்டுச் சொல்லவில்லை. கேட்கவில்லையே, ஏன் சொல்வான்? பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். மூடன், மூடன் என்று என்னையே திட்டிக்கொண்டு நடையில் நின்றேன்.

அடுத்தது கைப் பரீட்சை. மாடியில் ஓர் அறை. உயரமான கட்டில் ஒன்று, சிவந்த கம்பி ஹீட்டர் ஒன்று. பொறுப்பாக இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆசிரியை, நெட்டையான பெண்மணி. இந்தக் கல்லூரியில் மாணவர்கள் ஒருவர் உடம்பில் ஒருவர் பழகித்தான் படிப்பார்கள். ஆகவே பரீட்சையும் அப்படித்தான் என்றார். ஒருவர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்க வேண்டும். மற்றவர் முதுகைத் தொட்டுப் பார்த்து, கைக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாற்றம்.

முதலில் சேகரன் படுத்தார். என் கைகள் குளிர்ந்திருந்தன, ஹீட்டரில் சூடாக்கிக்கொண்டு தொட்டேன். வலது தோள் இடதை விட உயர்ந்திருந்தது. இடுப்புக்கு மேலே ஒரு பக்கத் தசை கயிறாக இறுகிக் கிடந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்பவர், பாரத்தை இடது காலில் போடுகிறவர் என்றேன். வாய் எப்படித் திறந்ததோ தெரியாது, கை வேலை செய்யும்போது அது தானாகத் திறந்துகொண்டது. ஆசிரியை தலையாட்டி எழுதினார். கீழே கோட்டை விட்டதை இங்கே பிடித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு நான் சட்டையைக் கழற்றினேன். மூன்று வருடத்தில் இன்னொருவர் என் முதுகைத் தொட்டதில்லை. சேகரனின் கை முள்ளந்தண்டு வழியே இறங்கி, இடது பக்கம் விலகி, ஏழாவது விலாவில் நின்றது. எட்டு. ஒன்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். கை மெதுவாக அந்த இடத்தை விட்டு விலகிப் போனது.

“என்ன கண்டீர்கள்?” என்றார் ஆசிரியை.

“தோளில் கொஞ்சம் இறுக்கம். வேறொன்றும் இல்லை,” என்றார் சேகரன்.

“விலாப் பக்கம்?”

“சாதாரணமாகத்தான் இருக்கிறது.”

ஆசிரியை எழுதினார். பிறகு தானே வந்து கை வைத்தார். நேராக அந்த இடத்துக்குத்தான் வந்தார். சேகரனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, நான் சட்டை போட்டு முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவை எப்படி முறிந்தன?”

“சைக்கிளால் விழுந்தேன்.”

“உங்கள் படிவத்தில் முறிவே இல்லை என்றிருக்கிறது.”

சட்டைப் பொத்தான்களைத் திரும்பவும் சரிபார்த்தேன்.

“மூன்றும் ஒரே கோட்டில், பின்பக்கமாக முறிந்திருக்கின்றன. சைக்கிளில் விழுந்தவர்களை முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.” கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை. “எப்படி என்று என்னிடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அறையில் மற்ற மாணவர்கள் உங்கள் முதுகை அழுத்திப் பழகுவார்கள். தெரியாமல் அழுத்தினால் அந்த எலும்பு திரும்பவும் போகும். பொய்ப் படிவத்தோடு உங்கள் பெயரை நான் மேலே அனுப்பமாட்டேன். திங்கட்கிழமைக்குள் உண்மையை எழுதிக் கொண்டுவந்தால் அனுப்புகிறேன்.” வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: “உங்கள் கைகள் நல்ல கைகள். வேறு எந்த அலுவலகத்துக்காவது தேவைப்பட்டால், நான் தொட்டு அறிந்ததை எழுதித் தருவேன்.”

படியிறங்கிக்கொண்டே யோசித்தேன். எழுதினால் இந்தத் தாள் வக்கீலின் தாளுக்கு மாறாக நிற்கும். வக்கீலின் தாளைத் திருத்தப் போனால் பக்கத்தில் அத்தான் இருப்பார். எழுதாவிட்டால் திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்தது.

1.15. ஸ்டேஷன் மேடையில் சேகரன் நின்றார். ஹரோவுக்கு அவர் வடக்கே போக வேண்டும், நான் தெற்கே. இரண்டு ரயிலும் ஒரே மேடையின் இரு பக்கமும் வரும்.

“கை வச்ச உடனே தெரிஞ்சிருச்சு,” என்றார். “ஏழு, எட்டு, ஒம்பது. நீங்க மூச்சப் பிடிச்சீங்க. சொல்ல மனசு வரல.”

“நீங்கள் சொல்லியிருக்கலாம். அவ பிறகு தானே தொட்டுப் பார்த்தவ. உங்களுக்குத்தான் மார்க் போயிருக்கும்.”

“தெரியும்.” ரயில் வரும் பக்கம் பார்த்தார். “அடுத்தவன் மறைக்கிறத நாம எடுத்துச் சொல்றதா? பரவால்ல லா.”

அவருடைய ரயில் முதலில் வந்தது. எங்கள் ஆட்களின் மரியாதை இது. கண்டதைக் காணாத மாதிரி இருப்பது. அதற்கு ஒரு மனிதன் இரண்டாவது தடவையும் விலை கொடுத்துவிட்டுப் போனான். நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

3.05. தோர்ண்டன் ஹீத்தில் மழை. அத்தான் ஸ்டேஷன் வாசலில் குடையோடு நின்றார். இரவு வேலை செய்த மனிதர், படுத்த அடையாளமே முகத்தில் இல்லை. ஹை ஸ்ட்ரீட் வழியே நடந்தோம். மீன்கடை தாண்டியதும், முகத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டே சொன்னேன். விலா எலும்பு, மூன்று கிழமை, வக்கீல் கந்தோரில் சொன்ன பொய், திங்கட்கிழமை. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பஸ் தரிப்பு வரை எடுத்தது.

அத்தான் நின்றார்.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ வந்து இறங்க முந்தியே மாமி கடிதம் போட்டவ. பிள்ளையின்ர விலா முறிஞ்சு கிடக்கு, சைக்கிளால விழுந்தனெண்டு சொல்லுறான், நானும் நம்பின மாதிரி இருக்கிறன், நீங்களும் ஒண்டும் கேளாதேங்கோ எண்டு.”

மாமி என்று அவர் சொன்னது என் அம்மாவை. குடைக்கு வெளியே நான் நனைந்துகொண்டிருந்தேன். அத்தான் கவனிக்கவில்லை.

“அப்ப வக்கீல் கந்தோரிலை…?”

“நீ அடிக்கேல்லை எண்டனி. நான் அதை இங்கிலிஷிலை சொன்னனான். பொய்யெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்.” குடையை மறு கைக்கு மாற்றினார். “நீயாச் சொல்லாமல் நான் எப்பிடித் தம்பி சொல்லுறது? எத்தினை பேருக்கு வாய் திறந்து சொல்லுங்கோ, சொல்லுங்கோ எண்டு புத்தி சொல்லியிருப்பன். உனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அம்மா மேலும் வந்தது. என் மேல் வந்தது எல்லாவற்றையும் விடப் பெரிது. நான் அவளுக்காக மறைத்தேன், அவள் எனக்காக மறைத்தாள், இவர் இருவருக்காகவும் மறைத்தார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தோம். அதற்கிடையில் என் கேஸ் பழுதாகிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரமே சமையலறை மேசையில் படிவத்தைத் திருத்தி எழுதினேன். அத்தான் எதிரே இருந்தார், எட்டிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி மூன்று பவுண் இருபது பென்ஸ் கொடுத்து வில்ஸ்டன் கிரீனுக்குப் போனேன். அடுத்த செப்டெம்பரில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சேகரனைச் சேர்க்கவில்லை. முதல் நாள் வகுப்பில் ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்தேன். கைக்குத் தெரிந்ததைச் சொல்லாதவருக்கு அங்கே இடமில்லை என்பது நியாயமான விதி. அவர் மறைத்தது என்னுடையதை என்பதால் அந்த நியாயம் எனக்குச் செமிக்கவில்லை. அகதி விண்ணப்பமும் அப்படியே கிடந்தது. ஆசிரியையின் கடிதத்தோடு புது வாக்குமூலம் கொடுத்தோம். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று குடிவரவு அலுவலகத்திலிருந்து திருப்பிக் கேட்டிருந்தார்கள். பதில் எழுத நாலு வரி விட்டிருந்தார்கள்.

அவையெல்லாம் பிறகு நடந்தவை. அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிறு, அக்கா வழக்கம்போல் கொழும்புக்குப் போன் எடுத்தபோது, நான் றிசீவரை வாங்கினேன். கடலுக்கடியில் குரல் போய்ச் சேர ஒரு கணம் பிந்தும். “அம்மா, நான் சைக்கிளால விழேல்லை,” என்றேன். பிந்த வேண்டிய கணம் கழிந்தது. அதற்கு மேலும் கழிந்தது. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

“இப்பவும் நோகுதோ, ராசா?” என்று கேட்டாள்.